நித்ய நியமமும் நெஞ்சின் உறுதியும்



கருட ஸேவையன்று எம்பெருமான் கோபுர வாசலைக் கடந்து எழுந்தருளும்போது நெஞ்சு உருகாதவர் யார்? 'இனி ஒரு நாளும் பெருமானை மறவோம்' என்று அக்கணத்தில் எல்லோருமே உறுதி கொள்கிறோம். த்வஜாவரோஹணம் ஆகி, ஊர் திரும்பி, வயலும் அலுவலகமும் அடுப்பங்கரையும் நம்மை மறுபடி இழுத்துக் கொண்டபின் அவ்வுறுதி எத்தனை நாள் நிற்கிறது? உணர்ச்சி மழைவெள்ளம் போன்றது. வந்த வேகத்தில் வடிந்துவிடும். அதைத் தேக்கிப் பயிருக்குப் பாய்ச்ச ஏரிக்கரை வேண்டும். அக்கரையே நித்ய நியமம்.

கீதையின் ஆறாம் அத்யாயத்தில், காற்றை அடக்குவதுபோல் மனத்தை அடக்குவதும் அரிது என்று அர்ஜுனன் முறையிட்டான். கண்ணன் அதை மறுக்கவில்லை. அப்யாஸத்தாலும் வைராக்யத்தாலும் அது கைகூடும் என்றருளினான். எம்பெருமானாரும் ஸ்ரீபாஷ்யத்தில், வாக்யகாரர் வழிநின்று, பக்தி நிலைபெறுவதற்கு ஏழு ஸாதனங்களைக் காட்டியருளினார். விவேகம், விமோகம், அப்யாஸம், க்ரியை, கல்யாணம், அநவஸாதம், அநுத்தர்ஷம் என்பன அவை. ஆஹார சுத்தி, ஆசையில் பற்றின்மை, ஸத்யம் தயை முதலான நற்குணங்கள் ஆகியவற்றை இவ்வேழினுள் அடக்கியருளினார். எஞ்சிய நான்கும் இன்று நமக்கு மிகவும் வேண்டுவன.

அப்யாஸமாவது, பற்றிய பொருளையே திரும்பத் திரும்பப் பற்றுதல். க்ரியையாவது, விதித்த கர்மங்களைச் சக்திக்கேற்பச் செய்தல். 'சக்திக்கேற்ப' என்பதைக் கவனிக்க வேண்டும். உற்ஸவ உற்சாகத்தில் ஸஹஸ்ரநாமமும் திவ்யப்ரபந்தமும் தினமும் சேவிப்பதாகத் தொடங்கி, பத்தாம் நாளில் அனைத்தையும் விடுவதில் பயனில்லை. நீராடியதும் திருமண் தரித்துக் கேசவன் முதல் தாமோதரன் ஈறாகப் பன்னிரு நாமங்களைச் சொல்லுங்கள். விளக்கேற்றியதும் ஒரு பாசுரம். உண்ணுமுன் அன்னத்தைப் பெருமாளுக்கு அமுது செய்வித்தல். நாள்தோறும் தவறாது செய்யும் காரியங்களோடு இவற்றைப் பிணைத்துவிட்டால், ஒன்று மற்றொன்றைத் தானே நினைவூட்டும்.

அநவஸாதமாவது சோர்வின்மை. நோய், பொருள் நஷ்டம், உற்றாரின் பிரிவு இவற்றை நினைந்து மனம் ஒளியிழப்பதே அவஸாதம். அப்போதுதான் நியமம் முதலில் நழுவும். அப்போதுதான் அது மிகவும் தேவைப்படும். வேறொன்றும் இயலாத நாளிலும் திருநாமம் சொல்லத் தடையேதுமில்லை. ஒரு நாள் விட்டுப்போனால், போனதை எண்ணி மறுநாளையும் இழவாதீர்கள். அநுத்தர்ஷமாவது களிப்பு மிகாமை. 'நான் விடாமல் செய்கிறேன்' என்ற செருக்கும் சோர்வைப் போலவே நியமத்தைக் கெடுக்கும்.

இதை நம் பெரியோர்கள் நடந்தே காட்டினர். எம்பெருமானார் காஞ்சியில் சாலைக் கிணற்றிலிருந்து பேரருளாளனுக்குத் தீர்த்தம் சுமந்தார். பெரிய திருமலை நம்பிகள் பாபவிநாசத்திலிருந்து திருவேங்கடமுடையானுக்கு நாள்தோறும் தீர்த்தம் கொணர்ந்தார். ஒரு நாள் வேடன் ஒருவன் வழிமறித்து, தாகமென்று அத்தீர்த்தத்தைப் பருகிவிட, நம்பிகள் கைங்கர்யம் தடைப்பட்டதே என்று கலங்கினார். வேடன் அம்பெய்து ஆகாசகங்கையைப் பெருகச் செய்து, இனி இங்கிருந்தே கொணர்க என்று சொல்லி மறைந்தான். வந்தவன் அப்பெருமானே என்பர் பெரியோர். திருமலையில் தண்ணீரமுது உற்ஸவம் இதன் நினைவாகவே நடைபெறுகிறது. முதுமையிலும் குடத்தை இறக்காத அடியவருக்குப் பெருமான் வழியைச் சுருக்கித் தந்தான்!

ஆகவே அன்பர்களே, ப்ரஸாதத்துடன் ஒரு சிறு நியமத்தையும் இங்கிருந்து இல்லத்திற்கு எடுத்துச் செல்லுங்கள். நாளைக் காலையே தொடங்குங்கள். அடுத்த உற்ஸவத்தில் எம்பெருமானை ஸேவிக்கும்போது, ஓராண்டுக் காலம் தினமும் அழைத்த உரிமையுடன் அவன் திருமுகத்தை நோக்கலாம்.

எம்பெருமான் திருவடிகளே சரணம்.