அனுமதி

எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு செட்டிநாட்டு வீடு இருக்கிறது. காரைக்குடியில் இதைச் சொல்வது கடலோரத்தில் நின்று தண்ணீர் இருக்கிறது என்று சொல்வதைப் போன்றதுதான். இருந்தாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் திறக்கிற வீடு; பர்மாத் தேக்கில் கண்டாங்கிப் புடைவை அகலத்துக்குத் தூண்கள்; பங்காளிகள் பலர்; சாவிகள் பல ஊர்களில். அத்தனை பெரிய வீட்டில் இன்று ஓர் ஆச்சி மட்டும் இருக்கிறார். மாலை ஆறு மணிக்குத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, சிங்கப்பூரில் இருக்கும் மகனுடன் செல்போனில் முகம் பார்த்துப் பேசுவார். பேரன் திரையில் வந்து எதையோ காட்டிவிட்டு ஓடுவான். இதை நான் மூன்று வருஷமாகப் பார்த்துவருகிறேன். அந்தப் பேச்சு எந்த வழியாக வருகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

போன கோடையில் கோயமுத்தூரில் படிக்கும் என் மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். இராத்திரி எல்லாரும் படுத்த பிறகு தண்ணீர் குடிக்க எழுந்தவன் முன்னறையில் ரௌட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதன் விளக்கு விடாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது. "வீட்டில் எல்லாரும் தூங்கும்போது இது யாரோடு பேசுகிறது?" என்றான்.

விளக்கு சிமிட்டுவது மட்டும் சாட்சியாகாது. நம்முடைய சொந்தச் செல்போனே தூக்கத்தில் ஏதாவது வாங்கிக் கொண்டிருக்கும். ஆகையால் அவன் ரௌட்டரின் உள்பக்கத்தைத் திறந்தான். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் அந்த முகவரியும், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டும் அச்சிட்டிருந்தன. நான்கு வருஷமாக நான் அதை மாற்றவில்லை. வீடு வாங்கியவன் பழைய சொந்தக்காரரின் பூட்டிலேயே குடியிருந்த மாதிரி. உள்ளே ஒரு ஜாபிதா இருந்தது: இந்த நேரத்தில் இந்த இணைப்பில் எத்தனை கருவிகள் என்று. எங்கள் வீட்டுக் கருவிகள் நான்கு. ஜாபிதாவில் ஆறு.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் வரவில்லை, குஷி வந்தது. துப்பறியும் கதைகள் எழுதுகிறவர்களைப் பற்றி நான் அவ்வளவு உயர்வாகப் பேசியவனில்லை. ஆனால் அன்றிரவு அவர்கள் தொழிலின் ருசி தெரிந்துவிட்டது. நஷ்டம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. மாதச் சந்தா கூடவில்லை. வேகம் குறைந்ததாகவும் நினைவில்லை. இருந்தும் "யாரோ" என்ற அந்தச் சொல் போதுமாக இருந்தது.

"இதில் நஷ்டம் வேகத்தில் இல்லை அப்பா. நாளைக்குப் போலீஸ் வந்தால் உங்களைத்தான் கேட்கும்" என்று சொல்லி, மகன் ஒரு பழைய விஷயத்தை எடுத்தான்.

2008 ஜூலை 26ந் தேதி மாலை ஆமதாபாத்தில் அடுத்தடுத்து 21 குண்டுகள் வெடித்து 56 பேர் மாண்டார்கள். வெடிப்பதற்குச் சில நிமிஷங்களுக்கு முன்னால் தொலைக்காட்சி நிலையங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதன் தடத்தைப் பிடித்துக்கொண்டு போன போலீஸார் நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீட்டு வாசலில் போய் நின்றார்கள். அவருடைய கணினிகளை எடுத்துப் போனார்கள். கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார்கள். கடைசியில் பார்த்தால் அந்த மனிதர் செய்த காரியம் வைஃபைக்குப் பூட்டுப் போடாமல் விட்டதுதான். வேறு யாரோ அதன் வழியாக அனுப்பிவிட்டுப் போயிருந்தார்கள். அதற்கடுத்த வாரங்களில் மும்பையில் ஒரு கல்லூரியின் இணைப்பையும் ஒரு கம்பெனியின் இணைப்பையும் இதேபோல் உபயோகித்து மிரட்டல் கடிதங்கள் போயின. 2009 ஜனவரியில் மும்பை போலீஸார் பூட்டில்லாத வைஃபை எங்கெங்கே இருக்கிறது என்று தெருத்தெருவாகத் தேடிப் பார்க்கவே ஆரம்பித்துவிட்டார்கள்.

இதைக் கேட்ட பிறகு குஷி போய்விட்டது. அன்றிரவே பாஸ்வேர்டை மாற்றினோம். ரௌட்டரின் நிர்வாகப் பாஸ்வேர்டை வேறாகவும், வைஃபையின் பாஸ்வேர்டை இருபது எழுத்துக்கு நீளமாகவும் வைத்தான். பொத்தானை அமுக்கினால் தானே சேர்த்துக்கொள்ளும் வசதி ஒன்று இருந்தது, அதை அணைத்தான். வைஃபையின் பெயரை மறைத்து வைத்தால் என்ன என்று கேட்டேன். அது கதவு எண்ணை அழித்துவிட்டுத் திருடன் வரமாட்டான் என்று நினைப்பது போலத்தானாம். அந்நியக் கருவியின் எண்ணைக் குறித்துத் தடுப்பதும் நிலைக்காது. இப்போதைய செல்போன்கள் வேஷம் மாற்றுகிற மாதிரி அந்த எண்ணை மாற்றிக்கொள்கின்றன. பாஸ்வேர்டை மாற்றுவது ஒன்றே காரியம். ஜாபிதாவில் நான்கு பேர் மட்டும் மிஞ்சினோம். நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் மாலை ஆறு மணிக்கு ஆச்சி திண்ணைக்கு வந்தார். செல்போனை எடுத்தார். கிழக்கே திருப்பினார், மேற்கே திருப்பினார், தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். பிறகு மடியில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மறுநாளும் அப்படியே. நான்காம் நாள் என் மனைவி சொன்னாள்: "நான்தான் கொடுத்தேன். உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. ஒரு குடம் தண்ணீர் கேட்டால் உங்களைக் கேட்டுக்கொண்டா கொடுக்கிறேன்?"

ஆறில் ஒருவர் ஆச்சி. அப்படியானால் இன்னொருவர்? தெருமுனையில் துணி தேய்க்கிறவரின் மகன். ஆச்சியின் போனைச் சரி செய்து கொடுப்பவன் அவன்தான். இப்போது பாஸ்வேர்டைச் சொல்லக்கூட வேண்டாம். ஒரு போனின் திரையில் கட்டம் கட்டமாக ஒரு படம் வருகிறது, இன்னொரு போன் அதைப் பார்த்தால் போதும். பார்த்துவிட்டது. இராத்திரி இரண்டு மணிவரை ஆச்சி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பரீட்சைக்குப் பாடம் கேட்டிருக்கிறான். நடுவில் விளையாடியும் இருக்கிறான், அதை அவனே ஒப்புக்கொண்டான். "ஆச்சி வீட்டு வைஃபைன்னு நெனச்சேன் சார். ஆச்சிதான் எடுத்துக்கடான்னு சொன்னாக" என்றான். திருடிய ஆளைத் தேடிப் போனவனுக்கு, கேட்டு வாங்கிய ஆட்கள் இரண்டு பேர் கிடைத்தார்கள்.

அனுமதி என்பது எங்கே முடிகிறது? சட்டத்தைப் பார்த்தேன். 2000ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, உரிமையாளரின் அல்லது அதற்குப் பொறுப்பாக இருக்கும் வேறொருவரின் அனுமதியில்லாமல் கணினி வலையமைப்புக்குள் நுழைவதைத் தவறு என்கிறது. அதையே நேர்மையில்லாமலோ மோசடியாகவோ செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்று வருஷம்வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். "பொறுப்பாக இருக்கும் வேறொருவர்" என்ற சொற்களை எழுதிய புண்ணியவானுக்கு என் மனைவியின் சார்பில் நமஸ்காரம். சந்தா என் பேரில் வருகிறது என்பதைத் தவிர, எந்த வீட்டுப் பொருளுக்கு நான் பொறுப்பாக இருந்திருக்கிறேன்?

சிங்கப்பூரில் 2006இல் பதினேழு வயதுப் பையன் ஒருவன் பக்கத்து வீட்டு வைஃபையை உபயோகித்தான் என்று அந்த வீட்டுக்காரர் புகார் கொடுத்து வழக்காயிற்று. மறுவருஷம் பதினெட்டு மாதம் நன்னடத்தைக் கண்காணிப்பும், 80 மணி நேரம் பொதுச் சேவையும் விதித்தார்கள். ஜெர்மனி நேர்மாறாகப் போனது. அங்கே உச்ச நீதிமன்றம் 2010இல், பூட்டாமல் விட்ட வீட்டுக்காரர் மேலும் பொறுப்பைச் சுமத்தியது. அதனால் ஜனங்கள் எல்லாவற்றையும் பூட்டிவிட, பொது இடங்களில் யாருக்கும் வைஃபை கிடைக்காமற் போய், 2017இல் சட்டத்தையே தளர்த்த வேண்டி வந்தது. எடுத்தவனைத் தண்டித்தால் துணி தேய்க்கிறவரின் மகன் அகப்படுவான். திறந்து வைத்தவரைத் தண்டித்தால் என் மனைவி. குண்டு வைத்தவன் இரண்டிலும் அகப்பட மாட்டான் போலிருக்கிறது.

"கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே" என்று மனைவியிடம் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது பொய்யோ என்று சந்தேகம் வந்தது. ஆச்சி கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். துணி தேய்க்கிறவரின் மகன் நேரே வந்து கேட்டிருந்தால்? "இதெல்லாம் ஆபத்து தம்பி" என்று நவி மும்பைக் கதையை அவனுக்குச் சொல்லி அனுப்பியிருப்பேன். ஆபத்து என்பது உண்மைதான். ஆனால் அந்த உண்மை யாரிடம் ஞாபகத்துக்கு வருகிறது, யாரிடம் மறந்து போகிறது என்பதும் ஒரு விஷயமல்லவா? இந்த ஊர் கொடுத்துப் பழகிய ஊர். மின்வேதியியல் ஆய்வு நிலையம் வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தூக்கிக் கொடுத்த அழகப்பச் செட்டியாரின் ஊர். நானோ, எனக்குக் குறையாத ஒன்றுக்கு நான்கு நாள் காவல் இருந்தவன்.

வழி மகனுக்குத் தெரிந்திருந்தது. செட்டிநாட்டு வீடுகளுக்கு அது முன்பே தெரிந்த வழி. ஒரே கூரைக்குக் கீழே அண்ணன் தம்பி எல்லாரும் இருப்பார்கள்; கல்யாணமானவர்களை 'வேறு வைத்து', தனி அடுப்பும் தனி அறையும் கொடுத்துவிடுவார்கள். முற்றம் பொது, அறைச் சாவி அவரவருக்கு. ரௌட்டரிலும் விருந்தினருக்கென்று தனி இணைப்பு ஒன்றை ஏற்படுத்த முடிகிறது. அதில் வருகிறவர்கள் எங்கள் கணினிக்குள் எட்டிப் பார்க்க முடியாது. வேகத்துக்கு அளவு வைக்கலாம். மாதம் ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றி, வேண்டியவர்களுக்கு நேரில் சொல்லலாம். அப்படியும் அதில் நடப்பதற்குப் போலீஸ் வந்து கேட்கும் ஆள் நான்தான். அது தெரிந்துதான் செய்தேன்.

புதிய பாஸ்வேர்டைத் தாளில் எழுதிக்கொண்டு ஆச்சியிடம் போனேன். மன்னிப்புக் கேட்கும் உத்தேசத்தில் பாதி வாக்கியம் தயாராக இருந்தது. அவர் முந்திக்கொண்டார்.

"ஒங்களுக்குத் தெரியாமயா எடுத்துக்கிட்டிருந்தேன் தம்பி? அவுக சொல்லியிருப்பாகன்னு நெனச்சேன். பெட்டி ரிப்பேரு, கேட்டா சங்கடப்படுவீகன்னு பேசாம இருந்துட்டேன். சரி, மாசம் எவ்வளவு?"

காசு வேண்டாம் என்றேன். "அப்ப எனக்கும் வேணாம்" என்று தாளைத் திருப்பி நீட்டினார். கணக்கில்லாமல் ஒரு பொருளை வாங்கி அவருக்குப் பழக்கமில்லை. சரி, நூறு ரூபாய் என்று ஒப்புக்கொண்டு வீட்டுக்கு வந்தால், மகன் தலையில் அடித்துக்கொள்கிறான்: இணைப்பைப் பிறருக்கு விற்கக்கூடாது என்று சந்தா நிபந்தனையிலேயே இருக்கிறதாம். இனாமாகக் கொடுத்தால் ஆச்சிக்கு நியாயமில்லை. காசுக்குக் கொடுத்தால் கம்பெனிக்கு நியாயமில்லை.

திரும்பப் போய் இதைச் சொன்னேன். ஆச்சி சிறிது நேரம் யோசித்தார். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் ஒரு தூக்குவாளி வருகிறது; தேன்குழல், சில வாரம் கந்தரப்பம். பரீட்சை எழுதிய பையனுக்கும் அதில் ஒரு பங்கு போகிறது. ஆச்சி அதை எந்தக் கணக்கில் எழுதுகிறாரோ, நான் கேட்கவில்லை.