திரை விலகிய பின்

இரு கண்களை இழந்தும் பொறுமை காத்தவருக்குச் சுவர்க்கம் உண்டு என்ற கருத்தில் ஸஹீஹுல் புகாரியில் ஹதீஸ் வந்துள்ளது. அப்படியானால், கண்புரையை ஆபரேஷன் செய்து நீக்கிக்கொள்வது அந்த நன்மையை உதறுவதாகாதா என்று முதியவர் சிலர் கேட்கின்றனர்.

ஆகாது. மருந்து செய்துகொள்ளுமாறு கூறியவர்களும் அதே நபி (ஸல்) அவர்கள்தாம். வைத்தியம் செய்துகொண்டே சபுரோடு இருக்கலாம். ஏறத்தாழ 1000-ம் ஆண்டளவில் எகிப்தில் வாழ்ந்த அம்மார் இப்னு அலீ அல்மவ்ஸிலீ என்ற கண் வைத்தியர், துளையுள்ள ஊசியால் புரையை உறிஞ்சி எடுத்தார்.

உண்மையான கேள்வி பார்வை திரும்பிய பிறகே எழுகிறது. மஞ்சளித்து மங்கிய வில்லை போனதும் வெண்மை வெளுத்துத் தெரிகிறது, நீலம் பளிச்சிடுகிறது. கூடவே மூலையிலுள்ள ஒட்டடையும், மருமகள் சரியாகத் துலக்காத சட்டியும் மாமியாருக்குத் தெரிகின்றன. ஒட்டடை நேற்று வந்ததன்று. கண் தெரியாத நாட்களில் கைபிடித்து ஒளுச் செய்ய அழைத்துச் சென்றவளும் அந்த மருமகள்தான்.

புரை மூடியிருந்தபோது பொறுமைக்குக் கூலி உண்டு. பார்வையைத் தாழ்த்தியதற்கென்று தனிக் கூலி இல்லை, தாழ்த்த அங்கே பார்வையே இல்லையே! இப்போதுதான் அது நம் அமலாகிறது. பிறர் குறையைக் கண்டும் மறைப்பது, ஹராமானதை விட்டுக் கண்ணைத் திருப்புவது, மூடி வைத்த முஸ்ஹஃபை மீண்டும் விரித்து ஓதுவது, இவையே கண்ணின் ஷுக்ரு.

திரும்பக் கிடைத்த இந்த அமானத்தைப் பற்றி மறுமையில் கேள்வி உண்டு. அதற்கு நல்ல பதில் சொல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.