வாய்ப்புண்தானே?

பெருங்குடலில் இருந்த கட்டி எனக்கு ஒருநாளும் வலித்ததில்லை. வலித்தது வாய்தான். முதல் சுற்று கீமோவில் தொடர்ந்து 5 நாள் ஊசி. அது முடிந்து சில நாளில், ஒரு காலையில் பற்பசை பட்டதும் பிரஷை வாஷ்பேசினிலேயே போட்டுவிட்டேன். உதட்டின் உட்புறம் தோலுரித்த தக்காளி மாதிரி இருந்தது. மறுநாள் நாக்கின் ஓரத்தில் இரண்டு புண். எச்சில் விழுங்குவதற்குக்கூட மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டியிருந்தது.

ஊரிலிருந்து அக்கா வந்திருந்தாள். வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளியை விட்டால் எது? கீரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து ஊட்டினாள். அதிலிருந்த சிட்டிகை உப்பு பட்டதும் என் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. தம்பி பாசத்தில் உருகிவிட்டான் என்று நினைத்தாள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

டாக்டரிடமும் சொல்லவில்லை. புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கிற இடத்தில் வாய்ப்புண்ணைப் பேசுவதா? வீடு பற்றி எரியும்போது கொடியில் காய்ந்த வேட்டியைக் கேட்பது போல இருக்காதா? எடை பார்த்த சிஸ்டர்தான் பிடித்தார். மூன்று கிலோ குறைந்திருந்தது. “வாயைத் திறங்க சார்” என்று டார்ச் அடித்தவர் கோபமாகிவிட்டார். “இதைச் சொல்லாம என்னத்தைச் சொல்வீங்க? முத்திப்போனா அடுத்த டோஸையே தள்ளிப்போடணும்.”

வேகமாகப் பெருகும் செல்களை அடிப்பது இந்த மருந்தின் வேலை. வாயின் உள்தோல் ஒன்றிரண்டு வாரத்தில் தன்னையே புதுப்பித்துக்கொள்கிற சுறுசுறுப்பு கொண்டது. அதுவே அதற்கு வினை. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் ஸ்பூன் சமையல் சோடா, அதில் பாதி உப்பு. அடிக்கடி கொப்பளிக்கச் சொன்னார்கள். சாப்பிடுமுன் தடவ ஒரு ஜெல். வாய் மரத்திருக்கும் நேரத்துக்குள் ஆறிய பால்கஞ்சியை இறக்கிவிட வேண்டும்.

அடுத்த சுற்றுக்கு ஐஸ். ஊசிக்கு 5 நிமிடம் முன்பிருந்து அரைமணி நேரம் வாயில் அடக்கிக்கொண்டால் ரத்தக்குழாய்கள் சுருங்கி, வாய்க்குப் போகும் மருந்து குறையுமாம். பக்கத்துக் கட்டில்காரருக்கு இது கிடையாது. அவருக்கு ஏறும் மருந்தால் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே தொண்டை கூசும். ஐஸ் கூட ஆளுக்கு ஆள் மாறுகிறது!

அடுத்த சுற்று தொடங்கிய காலை அக்காவிடம் கீரை விஷயத்தைச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை. பிறகு ஐஸ்கட்டிகளைத் துண்டில் சுற்றி, பூரிக்கட்டையால் தட்டினாள். ஃபிளாஸ்க்கில் போடுமுன் ஒரு துண்டைத் தன் வாயில் போட்டு, முனை குத்துகிறதா என்று பார்த்தாள்.