நிழல் தாங்கலும் நிழல் இல்லாத பிள்ளைகளும்

அன்புக்கொடி மக்களே, நாம் கூடி வணங்கும் இடத்துக்கு நிழல் தாங்கல் என்று பெயர். வெயிலில் வருகிறவன் ஒதுங்கும் இடம் என்று அந்தப் பெயரே சொல்கிறது. பசித்து வந்தவனுக்குக் கஞ்சி, போக்கற்றவனுக்குப் படுக்க ஓர் இடம், பிள்ளைகளுக்கு எழுத்து என்று தாங்கல்கள் தொடக்க காலத்தில் இருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்று தரையில் டைல்ஸ் பதித்திருக்கிறோம், ஒலிபெருக்கி வைத்திருக்கிறோம். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் தாங்கலைச் சுற்றியுள்ள நாலு தெருவில் தாயோ தகப்பனோ இல்லாமல் வளரும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டால், நம்மில் யாருக்குப் பதில் தெரியும்? திருநாள் வரி எந்த வீட்டில் பாக்கி என்பது மட்டும் நோட்டில் சரியாக இருக்கிறது.

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தகப்பன் பனையிலிருந்து விழுந்து இறந்துபோனான். அண்டி ஆபீசுக்கு வேலைக்குப் போய்வந்த தாயும் நோயில் போய்விட்டாள். மிஞ்சியது முதியோர் உதவித்தொகை வாங்கும் ஆச்சியும், பத்து வயதுப் பெண்ணும், ஆறு வயதுப் பையனும். முதல் மாதம் ஊர் சோறு போடும். இரண்டாம் மாதம் அக்கம்பக்கம் மட்டும் பார்க்கும். மூன்றாம் மாதம் ஒருவர் வருவார். "ஆச்சி, நல்ல ஹோம் ஒண்ணு இருக்கு. படிப்பு, சாப்பாடு எல்லாம் இலவசம். நானே கொண்டு விடுதேன், நீங்க ஒரு கைநாட்டு மட்டும் வையுங்க" என்பார். ஆச்சி வைத்துவிடுவாள். அவளை எப்படிக் குறை சொல்வது? அக்காள் ஓர் ஊரிலும் தம்பி வேறோர் ஊரிலும் போய்ச் சேர்வார்கள். ஊரும் நிம்மதியாக மூச்சுவிடும்.

அந்த நிம்மதி தர்மம் ஆகாது. அய்யா துவையல் தவசுக்கு வாகைப்பதிக்கு எழுநூறு குடும்பங்களை அனுப்பினார். தாய், தகப்பன், பிள்ளை என்று குடும்பம் குடும்பமாகவே அனுப்பினார். குடும்பத்தைப் பிரிக்காமல் குடும்பத்தோடு தேற்றும் வழி நம் வழி. இன்றைய சட்டமும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டத்தின்படி, ஒரு பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோது மட்டும் எடுக்கவேண்டிய கடைசி முடிவு. அந்த முடிவை எடுக்கும் அதிகாரமும் இடைத்தரகருக்கோ ஊர்ப் பெரியவருக்கோ கிடையாது. மாவட்டந்தோறும் தலைவர் ஒருவரும் உறுப்பினர் நால்வரும் கொண்ட குழந்தைகள் நலக் குழு இருக்கிறது. ஆதரவின்றிக் காணப்படும் பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் அந்தக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். பதிவு பெறாமல் இல்லம் நடத்துவது குற்றம். ஓர் ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதமும் உண்டு. ஆகவே "நல்ல ஹோம்" என்று யாராவது வந்தால் முதலில் பதிவுச் சான்றைக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

அந்த ஆச்சி வீட்டிலேயே பிள்ளைகளை வைத்து வளர்க்க அரசிடமும் வழி இருக்கிறது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிள்ளை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கிராமப்புறத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகாமல் இருக்க வேண்டும். தாய் தகப்பன் இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் இருப்பவர்களுக்கும் தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் கிடைக்கும். அதற்கு அன்புக்கரங்கள் என்று பெயர். அன்புக்கொடி மக்களுக்கு அந்தப் பெயர் மறக்காது என்று நினைக்கிறேன்.

இவையெல்லாம் தாளில் இருக்கிறது. ஆச்சிக்கு இறப்புச் சான்று எடுக்கத் தெரியாது. வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, ஆதாரில் பெயர்ப் பிழை என்று அவள் எத்தனை படி ஏறுவாள்? எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் நம் தாங்கலில் பத்துப் பேராவது இருப்பார்கள். திருஏடு வாசிப்பின் பதினேழு நாளும் ஓடி ஓடிப் பணிவிடை செய்கிற இளைஞர் ஒருவர், ஒரே ஒரு நாள் ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போய் வந்தால், அதுவும் பணிவிடைதான்.

அடுத்தது ஊராட்சி. ஒவ்வொரு கிராம ஊராட்சியிலும் ஊராட்சித் தலைவர் தலைமையில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும். பள்ளியை நிறுத்தின பிள்ளை, வேலைக்குப் போகிற பிள்ளை, கல்யாணம் பேசப்படுகிற சிறுமி, ஆதரவற்ற பிள்ளை என்று கணக்கெடுத்து மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குச் சொல்வது அதன் வேலை. பல ஊர்களில் இது பெயரளவில் கிடக்கிறது. கையெழுத்து வாங்கக் குறிப்பேடு வீடு தேடி வரும், கூட்டம் நடக்காது. குமரி உள்ளிட்ட பல மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலைவர் இல்லை என்பதற்காகப் பிள்ளைகளின் பசி காத்திருக்காது. பதில் சொல்ல வேண்டியவர் தனி அலுவலர், அவரிடம் கேளுங்கள்.

எங்கே கேட்பது? கிராம சபையில். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள். தெருவிளக்கும் சாக்கடையும் பேசப்படுகிற அந்தக் கூட்டத்தில், "நம்ம ஊர்க் குழந்தைகள் குழு கடைசியாக எப்போது கூடியது? தீர்மானப் புத்தகத்தைக் காட்டுங்கள்" என்று ஒருவர் எழுந்து கேட்டால் போதும். பிள்ளையின் பெயரை மட்டும் சபையில் சொல்லாதீர்கள். அதைத் தனியாக எழுதிக் கொடுங்கள்.

பெயர் சொல்லாதீர்கள் என்பதற்குக் காரணம் உண்டு. தலையில் துண்டு கட்டக் கூடாது என்று ஒடுக்கப்பட்ட மக்களைத் தலைப்பாகை கட்டி நின்று வணங்கச் சொன்னவர் அய்யா. கண்ணாடிக்கு முன் நிற்கும்போது நம் முகத்தையே காண்கிறோம். குனிந்து கைநீட்டி நிற்பது நம் வழி அல்ல. அப்படியிருக்க, தாயை இழந்த பிள்ளையை மேடையில் ஏற்றி, நோட்டுப் புத்தகம் கொடுத்து, நன்கொடையாளர் சிரிக்க, அது தலைகுனிய, படம் எடுத்து வாட்ஸப்பில் போடுகிறோமே, இது யாருடைய வழி? பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளையின் பெயர், படம், பள்ளி இவற்றை ஊடகத்தில் வெளியிடுவது மேற்சொன்ன சட்டத்தின் 74-ஆம் பிரிவில் குற்றம்; ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். சட்டம் கிடக்கட்டும். மறுநாள் வகுப்பில் அந்தப் பிள்ளையை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று யோசித்தோமா? கொடுப்பதை வீட்டுக்குப் போய்க் கொடுங்கள். மேடையில் பரிசு வாங்குகிற நாளும் அந்தப் பிள்ளைக்கு வரட்டும், நூறு மதிப்பெண் வாங்கினதற்காக.

ஏற்கனவே இல்லத்தில் வளர்கிற பிள்ளைகளை மறந்துவிடக் கூடாது. 18 வயது முடிந்த மறுநாள் அவர்களுக்கு இல்லமும் இல்லை, ஊரும் இல்லை. பிற்காப்பு என்று 21 வயது வரை, சிலருக்கு 23 வரை, உதவி பெறச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் திருநாளுக்கு எந்த வீட்டுக்குப் போவது, மாசி 20-இல் யாரோடு நடப்பது, கல்யாணப் பேச்சில் யார் முன்னால் உட்காருவது என்பதற்கு அரசுத் திட்டம் எதுவும் இல்லை. முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரையும் ஒன்றாகக் குளிக்கவைத்த அய்யாவின் மக்களுக்கு அந்தப் பையனை "வா மக்களே, சாப்பிட்டுப் போ" என்று கூப்பிடுவது கடினமாக இருக்காது.

பிள்ளை அடிபடுகிறது, கடத்தப்படுகிறது, தெருவில் தனியாக நிற்கிறது என்று கண்டால் யாரையும் கேட்கவேண்டாம். 1098-க்கு உடனே அழையுங்கள், கட்டணம் இல்லை. அந்த எண்ணைத் தாங்கல் சுவரில், உகப்படிப்பு நேரம் எழுதியிருக்கும் பலகைக்குப் பக்கத்திலேயே, பிள்ளைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் எழுதிவையுங்கள்.

அய்யா உண்டு.