சம்பளம் மனுஷனை அளக்குமா?



"பாஸ்டர், பையனை பைலட்டுக்குப் படிக்க வைக்கலாமா? நல்ல சம்பளமாமே!" என்று பெற்றோர் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. வீட்டை அடமானம் வைத்துப் படிக்க வைக்கிறவர்கள் வருமானத்தை யோசிக்காமல் இருக்க முடியுமா? ஆனால் அதற்குள்ளே இன்னொரு கேள்வி இருக்கிறது. அதிகச் சம்பளம் என்றால் அதிக மதிப்புள்ள வேலை என்று அர்த்தமா? கொஞ்சம் நிதானமாய் ஆராய்ந்து பார்ப்போம்.

அமெரிக்க தேசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-ல் அந்த அரசாங்கம் எடுத்த கணக்குப்படி, விமானக் கம்பெனி பைலட்டுகளைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவருக்கு வருஷம் சுமார் 2,19,000 டாலர். எல்லா வேலைக்காரரையும் அப்படி நிறுத்தினால் 48,000 டாலர்தான். நாலு மடங்குக்கு மேல்!

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். டாக்டர் வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் அவருடைய அனுபவமும் கூடவே போகும். பைலட் வேறு கம்பெனிக்குப் போனால் சீனியாரிட்டியில் கடைசி ஆளாய்த்தான் நிற்க வேண்டும். 40 வயதுக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை. அதில் தேறாவிட்டால் ஓட்ட முடியாது. 65 வயதானால் இறங்கிவிட வேண்டும்.

2009 ஜனவரியில் கேப்டன் சல்லன்பெர்கர், இரண்டு இன்ஜினும் நின்றுபோன விமானத்தை நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தார்கள். அடுத்த மாதமே அமெரிக்க காங்கிரஸ் முன் நின்று, தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டதையும் பென்ஷன் போய்விட்டதையும் சொன்னார்.

அதே பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் மாண்டார்கள். கேப்டன் தவறாய் இயக்கியதே காரணம் என்றது விசாரணை. ஆனால் இன்னொன்றும் வெளியே வந்தது. துணை விமானியின் வருடச் சம்பளம் 25,000 டாலரைக்கூடத் தொடவில்லை. பெற்றோர் வீடிருந்த சியாட்டிலிலிருந்து இரவெல்லாம் பிரயாணம் பண்ணி வந்து வேலையில் ஏறியிருந்தார்.

பின்பு சட்டம் மாறியது. 2013 முதல் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறக்கும் அனுபவம் வேண்டும் என்றார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது அநேக சீனியர்கள் முன்கூட்டியே ஓய்வு பெற்றார்கள். ஆள் பற்றாக்குறை! 2022-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் கிளைக் கம்பெனிகள் புதிய துணை விமானிக்கே, பறக்கிற மணி ஒன்றுக்கு 90 டாலர் என்று அறிவித்தன.

பிரியமானவர்களே, இந்தப் பதின்மூன்று வருஷத்தில் மாறினது என்ன? அதே இருக்கை. பின்னால் உட்கார்ந்திருக்கிற உயிர்களும் அதே விலையுள்ளவைதான். ஆள் கிடைக்கவில்லை, கூலி ஏறியது. அவ்வளவுதான். சம்பளம் சந்தையின் தேவையைச் சொல்லும், மனுஷனுடைய மதிப்பைச் சொல்லாது.

ஆகையால் ராத்திரி பஸ் ஓட்டுகிற சகோதரனையும், ஆஸ்பத்திரியில் கண்விழிக்கிற நர்ஸ் சகோதரியையும் சம்பளத்தை வைத்து எடை போடாதிருங்கள். அவர்கள் கையிலும் உயிர்கள் இருக்கின்றன. வேலைக்கு ஆள் வைத்திருக்கிறவர்களே, மலிவாய்க் கிடைக்கிறான் என்பதற்காகக் குறைத்துக் கொடுப்பது நியாயமா? டிக்கெட் விலை குறைந்தால் சந்தோஷப்படுகிற நாமும் இதை யோசிக்க வேண்டும்.

பெற்றோரே, பிள்ளையைப் பைலட் ஆக்குங்கள், தடையில்லை. ஆனால் முதலில் அவனிடம் ஒன்று கேளுங்கள்: "சம்பளம் பாதியானாலும் இந்த வேலையை உண்மையாய்ச் செய்வாயா?" அவன் ஆம் என்று சொன்னால், அப்புறம் கடனைப் பற்றிப் பேசலாம்.