மௌலி எடுத்துக் கொடுத்தவர்

ஸ்ரீராம பட்டாபிஷேகச் சித்திரம் இல்லாத வைணவ இல்லம் தமிழகத்தில் அரிது. சிங்காதனத்தில் பிராட்டியோடு சக்ரவர்த்தித் திருமகன். இரு மருங்கிலும் தம்பியர். திருவடிகளின் கீழ் சிறிய திருவடி. அருகே வசிட்ட முனிவர். கம்பநாட்டாழ்வார் பாடிய முடிசூட்டுக் காட்சியிலோ இன்னும் சிலர் உண்டு. வசிட்டர் சூட்டிய மௌலியை அவர் கையில் எடுத்துக் கொடுத்தவர்கள் வெண்ணெய்நல்லூர்ச் சடையனின் முன்னோர் என்கிறார் கம்பர். நாம் சேவித்த சித்திரம் எதிலும் அவர்கள் இல்லை.

பெண்ணையாற்றின் தென்கரையில், விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது திருவெண்ணெய்நல்லூர். கம்பரை ஆதரித்த சடையப்ப வள்ளலின் ஊர் என்று இதனைப் போற்றுவது மரபு. நூறு பாடலுக்கு ஒருமுறை வள்ளலைப் பாடிய கம்பர், அவையோர் கருத்துக்கு இணங்கி ஆயிரத்துக்கு ஒருமுறை என்று குறைத்துக்கொண்டார் என்பது செவிவழிச் செய்தி. ஓவியர் அந்த ஒன்றையும் விட்டுவிட்டனர். யார் செய்தது முறை? கொடுத்தவன் பெயர் பகவத் விஷயத்தில் இடம்பெறத் தக்கதா?

வடநாட்டுச் சிற்றோவிய ஏடு ஒன்றை இங்கு நினைக்கலாம். மேவார் மன்னர் முதலாம் ஜகத்சிங், 1649 முதல் 1653 வரை, வான்மீகி ராமாயணம் முழுவதையும் ஏறத்தாழ 400 சித்திரங்களுடன் எழுதுவித்தார். அதன் பெரும்பகுதி இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ஒரே சித்திரத்துக்குள் பெருமாள் பலமுறை தோன்றுவார்: ஓரிடத்தில் விடைபெறுவார், மறு இடத்தில் தேரேறுவார், வேறோரிடத்தில் வனம் புகுவார். யுத்த காண்டத்தைத் தீட்டிய தலைமை ஓவியர் சாகிப்தீன் என்னும் இசுலாமியர். அவர் பெயரை நாம் அறிவது ஏட்டின் முடிவுக் குறிப்பால்தான். தாம் தீட்டிய கதைக்குள் அவர் தமக்கென ஓரிடம் தேடிக்கொள்ளவில்லை.

வங்கிக் கணக்கில் பற்று எழுதினால் அதற்கு ஈடாக வரவும் எழுதியாக வேண்டும். இரு பக்கமும் ஒத்தால்தான் கணக்கு முடியும். அறத்தின் கணக்கு அப்படியன்று. கொடுத்தவன் தன் ஏட்டில் எழுதலாகாது. பெற்றவன் தன் ஏட்டில் எழுதாமல் இருக்கலாகாது. சடையப்பர் தம்மைப் பாடும்படி கேட்டார் என்று எந்தக் கதையும் சொல்லவில்லை. கம்பர் எழுதியது தாம் பட்ட கடனை. பெருமாள் குணமும் இதுவே. பிறர் செய்த நூறு பிழைகளை நினையாதவர், ஒரே ஓர் உதவிக்கும் உள்ளம் நிறைபவர் என்று வான்மீகி அயோத்தியா காண்டத்தின் தொடக்கத்திலேயே பேசுகிறார்.

கோயில் கல்வெட்டுகளில் கொடையாளர் பெயர்கள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. சோழர் காலத்தில் ஒரு நந்தாவிளக்குக்கு 90 ஆடுகளோ 96 ஆடுகளோ விடப்பட்டன. யார் விட்டது, யார் பொறுப்பேற்றது, நாள்தோறும் எவ்வளவு நெய் அளக்க வேண்டும் என்பன கல்லில் ஏறின. அந்தப் பதிவு விளக்கு அணையாமல் காத்தது. இன்று குழல்விளக்கின் மேல் ‘உபயம்’ என்று எழுதும் பெயரோ வெளிச்சத்தையே மறைக்கிறது. தர்மத்தைக் காக்கும் பதிவு வேண்டியதே. தன்னைக் காட்டிக்கொள்ளும் பதிவு கைங்கர்யத்தோடு ஒட்டாது. அதனால் நிர்வாகத்தார் கொடையாளரை மறந்துவிடலாம் என்பதும் ஆகாது. அவர் சொல்லாதிருப்பதாலேயே நன்றி சொல்லும் பொறுப்பு இவர்களுக்கு மிகுகிறது.

வெண்ணெய்நல்லூரிலிருந்து ஆற்றோடு மேற்கே சென்றால் திருக்கோவலூர். மழையிரவில் அங்கே ஓர் இடைகழியில் முதலாழ்வார்கள் மூவரும் நின்றிருக்க, நான்காமவராய் எம்பெருமான் புகுந்து நெருக்கினான். தன்னை இன்னான் என்று சொல்லிக்கொள்ளவில்லை. நெருக்கத்தால் உணர்ந்து, விளக்கேற்றிக் கண்டு, பாடி வெளிப்படுத்தியவர்கள் ஆழ்வார்கள். ஈந்தவன் மறைந்து நிற்க, பெற்றவர் அவனை உலகறியச் செய்தனர்.

ஆகவே ஓவியரைக் குறை சொல்ல வேண்டுவதில்லை. கம்பரின் பாட்டை அறிந்தவர், அடுத்த முறை பட்டாபிஷேகச் சித்திரத்தைச் சேவிக்கும்போது, வசிட்டருக்குப் பின்னே காணாத கைகளையும் நினைத்துக்கொள்வோமாக. நம் தலைக்கு வந்த நன்மைகளை எடுத்துக் கொடுத்த கைகளும் அவ்வாறே நினைக்கத் தக்கவை.

சக்ரவர்த்தித் திருமகன் திருவடிகளே சரணம்.