கல்லாவும் கல்லூரியும்



வல்ல ரஹ்மான் தன் அடியார்களில் சிலருக்குச் செல்வத்தைக் கொடுத்துச் சோதிக்கிறான். சிலருக்கு அறிவைக் கொடுத்து, செல்வத்தைக் கொடாமல் சோதிக்கிறான். இவ்விரு சாராரும் நம் ஊர்களில் பெரும்பாலும் ஒரே கடையில்தான் சந்தித்துக் கொள்கிறார்கள். ஒருவர் கல்லாவில் அமர்ந்திருக்கிறார்; மற்றவன் பொட்டலம் கட்டுகிறான்.

நாம் நன்கறிந்த ஓர் ஊரில் நடந்ததைச் சொல்கிறோம். தகப்பனை இழந்த பையன். பிளஸ் டூவில் கணக்கிலும் பௌதிகத்திலும் நல்ல மார்க் வாங்கியிருந்தான். தாயார் ஜவுளிக்கடை முதலாளியிடம் போய், "பையனைக் கடையில சேர்த்துக்குங்க முதலாளி" என்றார். முதலாளி ஐவேளையும் முதல் ஸஃப்பில் நிற்பவர். "நாளைக்கே வரச் சொல்லும்மா" என்றார். முன்பணமும் கொடுத்தார். மஹல்லாவே பாராட்டியது. மூன்றாண்டு கழித்துக் கடைக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வெளியூரிலிருந்து ஓர் எஞ்சினியர் வந்தார். ஒத்தாசைக்கு நின்ற இந்தப் பையன் கேட்ட இரண்டு கேள்விகளில் அவர் அசந்துபோய், "தம்பி, நீ ஏன் மேலே படிக்கல?" என்று கேட்டுவிட்டார். அது கல்லாவில் இருந்தவர் காதில் விழுந்தது. "தர்மம் செஞ்சதாத்தான் நெனச்சிருந்தேன் ஹஜ்ரத்" என்று நம்மிடம் வந்து கண் கலங்கினார்.

அவரை நாம் குறை கூறவில்லை. பசித்தவனுக்கு வேலை கொடுப்பது நன்மைதான். ஆனால் படிக்க வேண்டிய வயதில் கொடுத்த வேலை, படிப்புக்குப் போட்ட பூட்டாகவும் ஆகிவிடுகிறதே!

நம் முன்னோர்களான வணிகர்கள் இதை அறியாதவர்களா? வாணியம்பாடியில் 1919லேயே இஸ்லாமியாக் கல்லூரி எழும்பியது. 1951ல் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும் சென்னையில் புதுக்கல்லூரியும் தோன்றின. தோல் வணிகர் சி. அப்துல் ஹக்கீம் சாஹிப் பெயரால் மேல்விஷாரத்தில் 1965ல் ஒரு கல்லூரி வந்தது. கீழக்கரை பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்கள் 1984ல் வண்டலூரில் பொறியியல் கல்லூரியே நிறுவினார்கள். வியாபாரத்தில் ஈட்டியதை இப்படியும் செலவிட்டவர்கள் அவர்கள். இன்றைய நம் கொடையோ பல ஊர்களில் பள்ளிவாசல் டியூப் லைட்டில் பெயர் எழுதுவதோடு நின்றுவிடுகிறது. எழுத்து பெரிதானால் வெளிச்சம் குறையும் என்பதையும் யோசிப்பதில்லை!

"இப்போது அரசாங்கமே கொடுக்கிறதே, நாம் எதற்கு?" என்பார் சிலர். உண்மைதான். தமிழகத்தில் முஸ்லிம்களுக்கென 3.5 சதவீத இடஒதுக்கீடு 2007ல் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குப் பொறியியல் முதலிய தொழிற்கல்வியில் 7.5 சதவீத இடம் 2021ல் வந்தது. அந்த இடத்தில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கிறது. இதை அறியாத தாய்மார்கள் எத்தனை பேர்! கவுன்சிலிங் தேதி கடந்த பிறகு நம்மிடம் வந்து கேட்டவர்களும் உண்டு. கணக்குப்பிள்ளையை ஒரு நாள் அனுப்பி விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதும் முதலாளி செய்யக்கூடிய ஸதக்காதான்.

ஆனாலும் கட்டணம் மட்டுமா தடை? அந்தப் பையன் கல்லூரிக்குப் போனால் வீட்டில் மாதச் சம்பளம் நின்றுவிடும். தங்கைகளுக்கு யார் சோறு போடுவது? ஏழைப் பிள்ளையைக் கல்லூரி வாசலிலிருந்து திருப்பி அனுப்புவது பெரும்பாலும் இந்தக் கணக்குதான். அதை யாரும் வாய் திறந்து கேட்பதில்லை. கேட்க நாணி, பார்ப்பவர் வசதியானவர் என்றே எண்ணும்படி நடந்து கொள்ளும் ஏழைகளைப் பற்றி அல்பகரா சூராவில் (2:273) அல்லாஹ் சொல்லியிருக்கிறானே, அவர்கள் இவர்களல்லவா?

ஜகாத்திலிருந்து கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். ஜகாத் பெறத் தகுதியுள்ள ஏழை மாணவன் கையில் அதைச் சொந்தமாக்கிக் கொடுக்கலாம். கட்டிடத்துக்குக் கொடுக்க வேண்டியது வேறு பணம். வேலைக்காரனுக்குத் தர வேண்டிய கூலியை ஜகாத் கணக்கில் எழுதுவதோ அறவே கூடாது. கொடுக்கும்போது மேடையேற்றிப் போட்டோ எடுப்பதையும் விடுங்கள். சொல்லிக்காட்டியும் மனம் நோகச் செய்தும் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்ற எச்சரிக்கை அதே சூராவில் (2:264) இருக்கிறது.

தோல் பதனிடும் முதலாளிமார்களுக்குத் தனியாக ஒரு சொல். பாலாற்றில் கழிவு கலப்பது குறித்து 1996ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்த பிறகு, கழிவுநீரைச் சுத்திகரிக்க ரசாயனம் படித்தவர்கள் இல்லாமல் எந்தத் தொழிற்சாலையும் நடவாது. அடையாறில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தில் தோல் தொழில்நுட்பத்தில் பி.டெக். பட்டமே உண்டு. உங்கள் ஷெட்டில் தோல் சீவுகிறவரின் மகனோ மகளோ அங்கே படித்து, உங்கள் ஆய்வுக்கூடத்துக்கே ஏன் வரக் கூடாது? பெண் பிள்ளைகளையும் சேர்த்தே சொல்கிறோம்.

மர்ஹூம் அப்துல் கலாம் அவர்கள் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. சகோதரி ஜொஹரா தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அந்தக் கல்லூரியோ ராஜம் என்ற தொழிலதிபர் தம் வீட்டையும் விற்று 1949ல் நிறுவியது. ராமேஸ்வரத்துப் பிள்ளை ராக்கெட் விட இரண்டும் தேவைப்பட்டன.

ஜவுளிக்கடை முதலாளி பிறகு விசாரித்தார். பிளஸ் டூவில் கணக்கும் பௌதிகமும் படித்தவன் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம், டிப்ளமோ முடித்தால் பி.இ.யிலும் இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்று தெரிந்தது. பையனைச் சேர்த்துவிட்டு அவன் வீட்டுக்குப் போனார். தாயார் தயங்கியபடி கதவோரம் நின்றார். "மாசம் பொறந்தா பழைய சம்பளம் வீட்டுக்கு வந்துடும்மா. ஜகாத்துல இல்ல, என் லாபத்துல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாராம்.